டியூப்லைட்டுக்கு ஒரு ஜன்னல்

கலரம்மா என்றால் அந்தக் கடையில் எல்லாருக்கும் கொஞ்சம் பயம்தான். பெற்றவர்கள் வைத்த பெயரை அங்கே யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் அவளுக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றாது. முந்நூறு, நானூறு வருஷத்துக்கு முந்தைய எண்ணெய் ஓவியங்களைக் கேன்வாஸ் துணியில் மறு அச்சாக எடுத்துத் தரும் கடை அது. மூல ஓவியத்தின் நிறம் அச்சில் வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. வரவில்லை என்று அவள் உதட்டைப் பிதுக்கினால் அச்சு மெஷின்காரர் அன்றைக்கு மதியச் சாப்பாடு சாப்பிட்ட மாதிரிதான்.

ஆனால் அந்த மாதம் அவள் யாரையும் விரட்டவில்லை. தங்கையின் குரலைக் கேட்டு ஆறு வாரமாகியிருந்தது. எப்போது கூப்பிட்டாலும் தங்கையின் புருஷன்தான் போனை எடுத்தார். "தூங்குறாக்கா. மனசு கொஞ்சம் அலைபாயுது, யாரோடயும் பேச வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்பார். நேரில் வருகிறேன் என்றால், "இப்ப உங்களப் பாத்தா அழுதுடுவா, அப்புறம் ரெண்டு நாள் சோறு இறங்காது. நானே சொல்றேன், அப்ப வாங்க" என்பார். குரலில் அவ்வளவு கரிசனம். அந்தக் கரிசனத்துக்கு முன்னால் சண்டை போடுவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

இந்த மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்ததும் அவள்தான். கல்லூரியில் கணக்கு வாத்தியார். அதிர்ந்து பேசாதவர், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. அம்மா அப்பா இல்லாத குறையே தெரியாமல் கல்யாணத்தை நடத்திவிட்டாய் என்று சொந்தக்காரர்கள் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அவரைச் சந்தேகப்பட்டால் தன் கண்ணையே சந்தேகப்பட்ட மாதிரி ஆகும். கண்ணை வைத்துப் பிழைப்பவளுக்கு அது லேசில் வராது.

அந்த மாப்பிள்ளை ஒரு நாள் மத்தியானம் கடைக்கே வந்து நின்றார்.

"அவ ரூமுக்கு ஒரு படம் வாங்கலாம்னு வந்தேன்கா. சும்மா வெறிச்சுப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கா. கண்ணுக்கு எதாவது இருந்தா நல்லதில்லையா?"

கலரம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெண்டாட்டிக்காக இத்தனை தூரம் வெயிலில் வந்து படம் தேடுகிற மனுஷனையா இத்தனை நாள் மனசுக்குள் கரித்துக் கொட்டினோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது. மேஜையைத் துடைத்து, மாதிரித் துண்டுகளை எடுத்துப் பரப்பினாள். ஒவ்வொரு ஓவியத்திலிருந்தும் ஒரு முழ அகலத்துக்கு அடித்து வைத்திருக்கும் துண்டுகள். வாங்க வருகிறவர்கள் அதைத் தொட்டுப் பார்த்து, தள்ளி வைத்துப் பார்த்து முடிவு செய்வார்கள்.

முதலில் புயலில் சிக்கிய கப்பலைக் காட்டினாள். கடையில் அதிகம் போவது அதுதான்.

"கப்பல் வேணாம்கா. பாத்தா எங்கயாவது கிளம்பணும்னு தோணும்."

மரங்களுக்கு நடுவே வளைந்து போகிற மண்பாதையைக் காட்டினாள். அதற்கும் தலையை ஆட்டினார். "இதுவும் அதே கதைதான்."

தட்டில் பழங்கள், பக்கத்தில் வேட்டையில் அடித்த பறவை ஒன்று செத்துக் கிடக்கும் படத்தை அவளே ஒதுக்கிவிட்டாள். கடைசியாக இருந்தது ஜன்னலோரம் உட்கார்ந்து துணி தைக்கும் பெண். இடப்பக்கத்து ஜன்னலின் ஒரு கதவு பாதி திறந்திருக்கிறது. அது வழியாக வருகிற வெயில் அவள் சட்டைக் கையில் விழுந்து, மடியில் வழிகிறது.

"இது. அவளுக்கு ஜன்னல்னா உயிர்."

"எனக்குத் தெரியாதா மாப்பிள்ளை! எதிர்வீட்டுக்காரர் செருப்பு மாத்தினாக்கூட அவளுக்குத்தான் முதல்ல தெரியும். பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சுன்னு ஜன்னல் கம்பியிலேர்ந்து அவ கையைப் பிச்சு எடுக்கணும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆறு வாரத்தில் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தாள்.

அதே ஓவியத்தில் இரண்டு விதம் இருந்தது. பழைய வார்னிஷ் பழுத்து மஞ்சளாகிப்போன நிலையில் எடுத்தது ஒன்று. அந்த மஞ்சளை நீக்கி, வரைந்த அன்றைக்கு எப்படி இருந்திருக்குமோ அப்படிக் கொண்டுவந்தது இன்னொன்று. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, வெளிச்சம் அதிகமாக இருந்ததை எடுத்தார். பிறகு பாதி திறந்த கதவின்மேல் விரலை வைத்தார்.

"இந்தக் கதவை மூடிட முடியுமாக்கா?"

"வரைஞ்சவர் செத்து முந்நூறு வருஷம் ஆச்சு. அவரைக் கேக்காம நான் எப்படி மூடுறது?"

அவரும் சிரித்தார். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

அளவு எழுதிய சீட்டை நீட்டினார். அகலம் நூற்றுப் பதினெட்டே முக்கால் சென்டிமீட்டர், உயரம் தொண்ணூற்று ஒன்றே முக்கால். வாத்தியார் புத்தி போகுமா என்று அவள் நினைத்துக்கொண்டாள். சட்டமும் கொக்கியும் வேண்டாம், கனமான போர்டில் ஒட்டி நான்கு ஓரத்திலும் திருகாணிக்குத் துளை போட்டுக் கொடுங்கள் என்றார். "கட்டிலுக்கு நேர் மேல வருதுக்கா. விழுந்து வெச்சா?" நியாயமாகத்தான் பட்டது. அவர் சொல்வதெல்லாம் நியாயமாகத்தான் படும்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. படம் மாட்டப்போகிற சுவரில் வெள்ளைத்தாள் ஒன்றை ஒட்டி, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள். தாள் எந்த நிறத்தில் தெரிகிறதோ அதுதான் அந்த அறையின் வெளிச்சம். பகல் வெளிச்சத்தில் அழகாக இருக்கும் அச்சு, குண்டு பல்புக்குக் கீழே காமாலை வந்தது போல் ஆகிவிடும். அறைக்குத் தகுந்தபடி நிறத்தைத் திருத்துவதில் கலரம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது.

போட்டோ மறுநாள் வந்தது. தாளில் பச்சை ஓடியிருந்தது. டியூப்லைட். வேறு ஒரு சொட்டு வெளிச்சம் கிடையாது. போட்டோவோடு நேரமும் பதிவாகியிருந்தது: காலை பதினொன்று இருபது. அதை அவள் கண் பார்த்தது, புத்தி வாங்கிக்கொள்ளவில்லை. அவளுக்கு அது அறையாகவே தெரியவில்லை, திருத்த வேண்டிய ஒரு பச்சையாகத்தான் தெரிந்தது.

மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினாள். கடையின் மூலையில் அதே மாதிரி டியூப்லைட்டைக் கட்டித் தொங்கவிட்டு, அதற்குக் கீழே ஒவ்வொரு துண்டாக வைத்துப் பார்த்தாள். முதல் துண்டில் வெயில் சோகை பிடித்திருந்தது. இரண்டாவதில் அந்தப் பெண்ணின் முகம் பிணம் மாதிரி. மூன்றாவது பரவாயில்லை ரகம். ஏழாவது துண்டில் வெயில் வந்துவிட்டது. டியூப்லைட்டின் பச்சையைத் தின்றுவிட்டு, காலை எட்டு மணி வெயில் அப்படியே துணியிலிருந்து எழுந்து வந்தது. மெஷின்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். கலரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. போனில் ஒரு வார்த்தை பேச முடியாவிட்டால் என்ன, இதைப் பார்த்தால் அக்கா கூடவே இருக்கிற மாதிரி அவளுக்குத் தோன்றாதா?

நானே வந்து மாட்டித் தருகிறேன் என்றதற்கு, "எதுக்குக்கா உங்களுக்குச் சிரமம்?" என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை அவரே வந்து காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

திங்கள்கிழமை டீ குடிக்கும்போதுதான் சட்டக்காரர் கேட்டார். படத்துக்குச் சட்டம் அடிப்பது, போர்டில் ஒட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு.

"ஏம்மா, அந்த வாத்தியார் வீட்டு ஜன்னலுக்கு என்ன ஆச்சு?"

"ஜன்னலா? நான் குடுத்தது படம்."

"படம்தான், யாரு இல்லேன்னா? நான் இங்க வர்றதுக்கு முந்தி பதினெட்டு வருஷம் ஜன்னல் செஞ்சவன். சுவத்துல மாட்டறவன் நாலடிக்கு மூணடின்னு சொல்லிட்டுப் போயிட்டே இருப்பான். முக்கால் சென்டிமீட்டரெல்லாம் எவன் பாக்கறான்? நூத்திப் பத்தொம்பது திறப்புக்குள்ள பலகை உக்காரணும்னா கால் சென்டிமீட்டர் கழிச்சு அறுப்போம். அதான் இது. திருகாணி வேற கேட்டாரே. நீதான் எல்லாம் பேசி முடிச்சிருக்கேன்னு நான் வாயத் திறக்கல."

டீ டம்ளரை அவள் எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஓடிப்போய் அந்தப் போட்டோவைத் திறந்தாள். இந்த முறை பச்சையை நீக்கவில்லை, வெளிச்சத்தை மட்டும் ஏற்றினாள். வெள்ளையடித்த சுவர் என்று நினைத்தது சுவரே இல்லை. பெயிண்டுக்கு அடியில் மரத்தின் ரேகை ஓடியது. ஓரமாக வரிசையாகத் திருகாணித் தலைகள். பதினொன்று இருபதுக்கு, கிழக்குப் பார்த்த அறையில், டியூப்லைட். புது வீட்டில் எனக்கு இந்த அறைதான் வேண்டும் என்று அடம்பிடித்துத் தங்கை வாங்கிய அறை அது.

சட்டக்காரரின் வண்டியிலேயே போனாள். அவர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "ஒரு குரல் குடும்மா, வந்துடறேன்" என்றார்.

மாப்பிள்ளை கதவைத் திறந்தார். திடுக்கிடுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் முகம் கோணவில்லை.

"வாங்கக்கா. இப்பத்தான் உங்களப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்."

கூடத்தைத் தாண்டி அழைத்துப் போனார். அந்த அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. அதை மறைக்கக்கூட இல்லை. "தூக்கத்துல எழுந்து நடக்கறாக்கா, பயமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே விலக்கினார்.

உள்ளே காலை வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கணம் கலரம்மாவே ஏமாந்துபோனாள். படம் ஒரு மயிரிழை பிசகாமல் ஜன்னல் திறப்புக்குள், பலகைமேல் உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே கட்டிலில் தங்கை, தலை வாரி, நல்ல உடை உடுத்தி, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். விரல் முட்டிகளில் காயம் ஆறித் தழும்பாகியிருந்தது.

"வந்துட்டியாக்கா? படம் ரொம்ப நல்லாருக்கு."

"என்னடி இது? எனக்கு ஏண்டி சொல்லல?"

"எதுல சொல்றது?" தங்கையின் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "பலகை அடிச்ச அன்னிக்குக் கத்தினேன். அப்புறம் தினமும் தட்டினேன். தெருவுல யாருக்காவது கேக்கும், எப்படியும் உன் காதுக்கு வரும், நீ வந்துடுவேன்னு நினைச்சேன். அப்புறம் இது வந்துச்சு. அக்காவுக்கு எல்லாம் தெரியும், அவளுக்கும் இதுதான் சரின்னு படுது, பாத்துப் பாத்துச் செஞ்சு குடுத்திருக்கான்னு சொன்னார். அன்னியோட தட்டறத விட்டுட்டேன்."

"சத்தியமா எனக்குத் தெரியாதுடி!"

தங்கை படத்தைப் பார்த்தாள், பிறகு தலைக்கு மேலே எரிந்த விளக்கைப் பார்த்தாள். அக்காவின் வேலையைப் பற்றிச் சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவள்.

"இந்த ரூம் தெரியாம இவ்வளவு சரியா எப்படிக்கா வரும்?"

கலரம்மா கட்டிலருகே போனாள். தங்கையின் கையைப் பிடித்து எழுப்பினாள். மாப்பிள்ளை நிலைப்படியை விட்டு ஒதுங்கி வழிவிட்டார். தடுக்கவில்லை. அவருக்கு ஏனோ அவசரமே இல்லை.

கூடத்தில் மூன்று ஜன்னலும் திறந்திருந்தன. மத்தியான வெயில் தரையெல்லாம் கிடந்தது. இரண்டு அடி எடுத்து வைத்த தங்கை அப்படியே நின்று முகத்தை மூடிக்கொண்டாள். கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

"கண்ணு எரியுதுக்கா."

"கொஞ்ச நேரத்துல பழகிடும்டி. வாசல்ல வண்டி நிக்குது. வா."

"வேணாம். உள்ள போயிடறேன். நீ பண்ணின வெளிச்சம் உறுத்தல."

கலரம்மா பிடியை விடவில்லை. தங்கை திரும்பி நின்று, கோபமே இல்லாமல், அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். பிறகு அறைக்குள் போய், தானே கதவைச் சாத்திக்கொண்டாள்.