ஆளைப் போட்டுப் பிடித்த கட்டில்

நெருப்பைக் கண்டுபிடித்ததற்கும் சக்கரத்தை உருட்டியதற்கும் அடுத்தபடியாக வைத்து எண்ணத்தக்க மாபெரும் சம்பவம் ஒன்று, சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை மைசூரில், ரிங் ரோட்டை ஒட்டிய ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் நிகழ்ந்தேறியது என்பதை மனித குலத்துக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம். ஏழைகளுக்கான இலவச சிகிச்சையின் தரம் அன்று அளக்கப்பட்டது. அளந்தது அரசாங்க நிபுணர் குழு. அளக்கப்பட்டது ஒரு முழங்கால்.

முழங்காலின் சொந்தக்காரர் ஜடையன், ஹனூர் பக்கம் மார்டள்ளியில் மக்காச்சோளம் போடுகிறவர். வலது கால் மூட்டு தேய்ந்துபோய், வரப்பில் காலை ஊன்றினால் கண்ணில் பூச்சி பறக்கும். அரசாங்கத் திட்டத்தில் மூட்டு மாற்ற அனுமதி வாங்கிக்கொண்டு வந்து படுத்திருந்தார். திட்டம் தருவது நிர்ணயித்த தொகை. கைக்காசு கொண்டுவருகிறவர் தருவது அதைப்போலப் பல மடங்கு. ஆகவே ஆபரேஷன் தியேட்டரில் காசுக்காரர்களே முந்தினார்கள். தினமும் விடிகாலையில் ஒரு நர்ஸ் வந்து, "பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படக்கூடாது" என்பார். சாயங்காலம் இன்னொரு நர்ஸ் வந்து, "நாளைக்கு" என்று சொல்லி இட்லி கொடுப்பார். ஜடையனுக்கு விரதம் பழகிவிட்டது. தெய்வம்தான் தியேட்டர் கதவைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை அவருக்கு அவசரமாகக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. அதில் ஒரு சிக்கல். முந்தின நாள் பக்கத்துக் கட்டில்காரர் அப்படிப் போய்விட்டு வருவதற்குள், அவர் இடத்தில் காசு கட்டிய காய்ச்சல் ஒன்று போர்த்திக்கொண்டு படுத்திருந்தது.

"ஏம் புள்ள, துண்டைப் போட்டுட்டுப் போலாமா?" என்றார் ஜடையன். கொள்ளேகால் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு எறிந்தே இடம்பிடித்துப் பழகியவர்.

"துண்டைத் தூக்கிக் கடாசிருவாங்க. ஆளைப் போடோணும்" என்றாள் அவர் மனைவி பசம்மா. அப்போதுதான் சாப்பாட்டுத் தூக்குடன் வந்து நின்ற தம்பியைப் பார்த்தாள். "டேய் கணேசா, ஏறிப் படுடா."

"நானா? எனக்கு என்னக்கா நோவு?"

"சோம்பேறித்தனம். படு!"

கணேசன் படுத்தான். பசம்மா புருஷனைத் தாங்கிக்கொண்டு நீண்ட நடையின் கோடிக்குப் புறப்பட்டாள்.

அவர்கள் அந்தப் பக்கம் திரும்பவும், இந்தப் பக்கம் நிபுணர் குழு நுழையவும் சரியாக இருந்தது. முன்னால் தலைவர், பின்னால் கோப்புகள், அதற்கும் பின்னால் மைசூர் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகையையும் சால்வையையும் தட்டில் ஏந்திய ஒருவர். எந்த மேன்மை எங்கே எதிர்ப்பட்டாலும் அங்கேயே தலையில் கவிழ்க்கத் தயாராக வந்திருந்தார்கள். நோயாளி எவ்வளவு சீக்கிரம் எழுந்து நடக்கிறாரோ, ஆஸ்பத்திரிக்கு அவ்வளவு ஊக்கத்தொகை என்பது புதிய கொள்கை. ஏசி அறைகளில் பல மூளைகளைப் பிழிந்து சொட்டவிட்டது.

தலைவர் கட்டில் பலகையைப் படித்தார். "ஜடையன். வலது முழங்கால் மாற்று. ஆபரேஷன் ஆகிவிட்டதா?"

ஆஸ்பத்திரி முதலாளி டாக்டர் ரவிக்குமார் நோயாளிகளின் முகத்தைப் பார்த்து நேரத்தை வீணாக்குகிறவர் அல்ல. "ஆயிடுச்சு சார்" என்றார்.

நோயாளிகளின் முகம் தெரிந்த ஒரே ஆள், திட்ட மேஜையில் இருக்கும் வைஷாலி. "சார், இவரு..." என்று வாயைத் திறந்தாள். முதலாளி ஒரு பார்வை பார்த்தார். மூடினாள்.

"எப்படி இருக்கிறீர்கள் ஜடையன்?"

தான் ஜடையன் இல்லை என்றால் கட்டில் போய்விடும் என்று கணேசனுக்குத் தெரியும். போதாக்குறைக்கு, பெரிய ஆபீசர் நலம் விசாரித்தால் ஒரே பதில்தான் சொல்ல வேண்டும் என்பது ஹனூர் பக்கத்து மரியாதை. "ரொம்ப நல்லாருக்கேனுங்க."

"நடக்க முடிகிறதா?"

"ஓடவே ஓடுவேனுங்க."

ஓடினான். வார்டின் அந்தக் கோடிவரை ஓடி, திரும்பி ஓடிவந்தான். குழுவில் ஒருவர் பேனாவைக் கீழே போட்டார். "உட்கார்ந்து எழ முடியுமா?" என்று இன்னொருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். கணேசன் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட ஆரம்பித்தான். போதும் போதும் என்று மூன்று பேர் பிடித்து நிறுத்தினார்கள். நிறுத்திய வேகம் தாளாமல், மூலையில் இருந்த தண்ணீர் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று வந்தான். பக்கத்துக் கட்டில் காய்ச்சல் எழுந்து உட்கார்ந்து கைதட்டியது.

தலைவர் குனிந்து வேட்டியை விலக்கிப் பார்த்தார். சின்ன வயதில் முள்வேலி தாண்டியபோது கிழித்த வெள்ளைத் தழும்பு ஒன்று இருந்தது.

"பஹள சென்னாகிதே! ரொம்பப் பிரமாதம்!" என்று தலைவர் கன்னடத்தில் தொடங்கிக் கூவினார். "தையல் போட்ட இடமே தெரியவில்லை! வெளிநாட்டில்கூட இப்படிக் கிடையாது!"

"நம்ம சொந்த டெக்னிக் சார்" என்றார் ரவிக்குமார், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

பேட்டா கணேசன் தலையில் ஏறியது. சால்வை விழுந்தது. செல்போன்கள் மின்னின. அந்த நேரத்தில்தான் ஜடையன், பசம்மாவின் தோளைப் பற்றி, ஒவ்வொரு அடிக்கும் "அப்பனே மாதேஸ்வரா" என்று முனகியபடி வந்து சேர்ந்தார்.

"ஏனுங்க, அது என்ற கட்டிலுங்க."

தலைவர் கனிவோடு திரும்பினார். "பெரியவரே, நீங்களும் இவரைப்போல ஓட வேண்டாமா? உங்கள் காலையும் இங்கேயே காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள்."

"அதுக்குத்தானுங்க சாமி வந்து படுத்திருக்கேன்."

"நல்லது! சாமராஜநகர் பெரிய ஆஸ்பத்திரியில் திட்டத்துக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு வாருங்கள்" என்று தோளில் தட்டிவிட்டு, தலைவர் அடுத்த மாடியின் மேன்மையை அளக்கப் போனார்.

"மாமா, கட்டிலை விடவே இல்ல பாத்துக்கோங்க" என்றான் கணேசன், பேட்டாவைச் சரிசெய்தபடி.

"எறங்குடா மகராசா!" பசம்மா அவன் முதுகில் ஒன்று வைத்துவிட்டு வைஷாலியிடம் திரும்பினாள். "அம்மணி, இப்ப இவிகளுக்கு ஆபரேசன் எப்பங்க?"

வைஷாலி போய்த் தன் மேஜைக் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வந்து மெதுவாகச் சொன்னாள். "ஆயிடுச்சு அக்கா. வலது கால் முடிஞ்சுது, டிஸ்சார்ஜும் ஆயிடுச்சுன்னு இப்பத்தான் ஏத்திட்டாங்க. ஒரு காலுக்கு ஒரு தடவைதான் கொடுப்பாங்க. ஏனு மாடோது, என்ன பண்றது? இடது காலுக்கு வேணும்னா புதுசா கேக்கலாம்."

"இடது காலு நல்லாத்தானே இருக்குது" என்றார் ஜடையன்.

"அப்ப அதுக்கும் கொடுக்கமாட்டாங்க அண்ணா."

மறுவாரம் ஆஸ்பத்திரிக்கு உயர்தரச் சான்றிதழ் வந்தது. ஊக்கத்தொகை வந்தது. தண்ணீர் கேனும் பேட்டாவுமாகக் கணேசன் சிரிக்கும் ஃப்ளெக்ஸ் வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கிறது. மற்ற மாவட்டங்களிலிருந்து டாக்டர்கள் வந்து அந்தச் சொந்த டெக்னிக்கைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டு போகிறார்கள். முழங்கால் சிகிச்சையில் மாநிலத்துக்கே முன்மாதிரி என்று தலைவர் மேடைக்கு மேடை முழங்குகிறார்.

ஜடையனின் முழங்காலை இதுவரை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.