இடப்பக்கம் திரும்பும் சாவி

நூர்முகமது எவனுக்கும் லேசில் பூட்டைத் திறந்து கொடுத்துவிட மாட்டார். செங்கல்பட்டு ரயிலடியில் சோடாக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே ஆறடிக் கடை. இருபது வருஷத் தொழில். சாவியைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பவர் தாலுக்கா கச்சேரி குமாஸ்தாவானாலும் சரி, கருவாட்டு வியாபாரியானாலும் சரி, முதலில் ஒரு காரியம் செய்யச் சொல்வார். கையில் சாவி இருப்பதாக நினைத்துக்கொண்டு, வீட்டுப் பூட்டைத் திறந்து காட்ட வேண்டும். சொந்தக்காரன் கை அவன் யோசிப்பதற்குள் திரும்பிவிடும். அடுத்தவன் கை ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். அப்படி நின்ற கைக்காரர்கள் நாலு பேரை அவர் போலீசில் பிடித்துக் கொடுத்திருக்கிறார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வந்தவனின் கை நிற்கவில்லை. வெடுக்கென்று வலப்பக்கம் திரும்பியது.

பெயர் எல்லப்பன் என்றான். எருமைக்கடா மாதிரி தோள், அதன் மேல் மெல்லிய சில்க் சட்டை, இடுப்பு மட்டும் என்னவோ தடித்திருந்தது. கடப்பாக்கத்துக்கு வெளியே சவுக்குத் தோப்பு ஓரத்தில் வீடாம். கடலில் குளிக்கும்போது அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்த சாவி அலையோடு போய்விட்டதாம். பூட்டைத் திறந்து கொடுத்தால் போதும், புதுச் சாவி வேண்டாம் என்றான். ஊருக்குப் போயிருக்கும் பெண்டாட்டியிடம் இன்னொன்று இருக்கிறதாம்.

"ஒண்ணே ஒண்ணு பாய். பூட்டு மேல கீறல் வுழக் கூடாது. நான் உள்ள போய் ஒரு வேலைய முடிச்சிகினு வந்ததும், நீயே திரும்பப் பூட்டிடணும்."

நூர்முகமதுவுக்கு அது கொஞ்சம் விசித்திரமாகத்தான் பட்டது. ஆனால் மணிக்கட்டு திரும்பிவிட்டதே. சுத்தியல், அரம், கம்பிகள், ரம்பத் தகடு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

பஸ்ஸில் பேச்சு முழுக்க மறுநாள் செஷன்ஸ் கோர்ட்டில் வரப்போகும் கொலைக் கேஸைப் பற்றித்தான். ஆலம்பரைக் கோட்டை இடிபாட்டில் ஒரு படகு வியாபாரியைப் பட்டப்பகலில் வெட்டிப் போட்டவன் ஜெயிலில் இருந்தான். பார்த்த சாட்சி ஒரே ஒருத்தி, பள்ளிக்கூட வாத்தியார் பெண்டாட்டி. அவள் கூண்டில் ஏறினால் அவனுக்குத் தூக்கு, ஏறாவிட்டால் விடுதலை. அதற்குள் அவளைத் தீர்த்துவிடுவார்கள் என்று ஒருவர் சொன்னார். போலீஸ் காவல் வரும் என்றார் இன்னொருவர். எல்லப்பன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தான்.

இறங்கி இரண்டு மைல் மணலில் நடந்தார்கள். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அக்கம்பக்கத்தில் வேறு வீடு இல்லை. கடல் இரைகிற இரைச்சலில், பத்தடி தள்ளி நின்று கத்தினால்கூடக் காதில் விழாது. ஓட்டு வீடு, கனத்த கதவு, பக்கத்தில் இரும்புக் கம்பி போட்ட ஒரு ஜன்னல். வாசலில் கருங்கல் படி. கதவில் தொங்கிய பூட்டை நூர்முகமது கையில் ஏந்தித் திருப்பினார்.

பூட்டின் பின்புறம் அரத்தால் கீறிய சின்னப் பிறை. அவருடைய அடையாளம்.

தம் வாழ்நாளில் அவர் இந்தப் பிறையைப் போட்டு ஒரே ஒரு பூட்டுதான் செய்திருந்தார். இரண்டு மாசத்துக்கு முன் ஒல்லியாக ஒரு வாத்தியார் வந்து, ஊரில் யாருக்கும் பிடிபடாத பூட்டு வேண்டும் என்று கேட்டார். நூர்முகமது உள் அமைப்பை மாற்றி, சாவி இடப்பக்கம் திரும்பினால் மட்டும் திறக்கும்படி செய்து கொடுத்தார். திருடனுக்காக இல்லை பாய், உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரியக் கூடாது என்றார் அந்த மனுஷர். அதைக் கேட்டு நூர்முகமது அன்று சிரித்தார்.

வீட்டுக்காரன் கை வலப்பக்கம் திரும்பாது.

மண்டியிட்டு வேலையைத் தொடங்குகிறவர் போலக் குனிந்தார். கதவுக்கும் நிலைப்படிக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி. கூரைக் கண்ணாடி ஓட்டின் வெளிச்சம் அதில் கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டை மறைத்துக்கொண்டு, மெட்டி போட்ட இரண்டு பாதங்கள் அசையாமல் நின்றன.

எல்லாம் ஒரே மூச்சில் விளங்கிவிட்டது. வெளியே பூட்டின வீட்டுக்குள் அந்தப் பெண் தூக்கில் தொங்கினால் யார் சந்தேகப்படுவார்கள்? கோர்ட்டுக்குப் பயந்து தானே மாட்டிக்கொண்டாள் என்று கேஸை மூடிவிடுவார்கள். அதற்குத்தான் கீறலில்லாத பூட்டு. சில்க் சட்டைக்குள் தடித்திருந்தது கயிறு. திரும்பப் பூட்டுகிற கையையும் இவன் சாட்சி சொல்ல விட்டுவைக்கப் போவதில்லை.

"இன்னா பாய், தூங்கிட்டியா?" பின்னாலிருந்து எல்லப்பன் கேட்டான். சூரிக்கத்தி உறையிலிருந்து உருவப்படும் சத்தம் கேட்டது.

எண்ணெய் விட வேண்டும் என்று நூர்முகமது முணுமுணுத்தார். கம்பியை அரை அங்குலம் தூக்கி இடப்பக்கம் திருப்பினால் பூட்டு வாயைப் பிளந்துவிடும். கண்ணைக் கட்டிவிட்டாலும் திறப்பார். ஆனால் அவர் பையிலிருந்து இருப்பதிலேயே தடித்த எஃகுக் கம்பியை எடுத்தார். சாவித் துவாரத்தில் வேர் வரைக்கும் விட்டு, சுத்தியலால் ஒரே போடு போட்டார். கம்பி உள்ளேயே முறிந்து இறுகிக்கொண்டது.

"எல்லப்பா, இனிமே இது எந்தச் சாவிக்கும் தெறக்காது," என்றார்.

எல்லப்பன் காலைத் தூக்கி அவர் பிடரியில் உதைத்தான். முகம் கதவில் மோதி மூக்கு உடைந்தது. தலைமுடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து, வலக்கையைக் கருங்கல் படியில் விரித்து வைத்து முழங்காலால் அழுத்தினான். சுத்தியலை எடுத்துக்கொண்டான்.

"எந்த வெரலு பாய் கம்பிய ஒடிச்சிது? இதுவா?"

ஆள்காட்டி விரல் நசுங்கியது. அடுத்த அடியில் நடுவிரல். நூர்முகமது அலறிய அலறலைக் கடல் விழுங்கிவிட்டது.

கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. நடுங்கிற்று; ஆனால் உடையவில்லை.

"அவரை விடு. உனக்கு வேண்டியது நான்தானே."

"வாயேன் வெளில. வாத்தியாரு உன்னப் பொட்டில வெச்சில்ல பூட்டிகினு போய்கிறாரு." எல்லப்பன் சுத்தியலை விட்டெறிந்து எழுந்தான். சட்டையைத் தூக்கி இடுப்பிலிருந்து கயிற்றைச் சுருள் சுருளாக அவிழ்த்தான். "ஜெயில்ல கீற எங்க அண்ணாத்த கழுத்துக்கு இன்னொருத்தன் கயிறு திரிச்சிகினுகீறான். அவுருக்கு முன்னாடி நீ தொங்கணும். ஒழுங்கா நடக்கலன்னா வெட்டிட்டுப் போறேன், அவ்ளோதான்."

கயிற்றைத் தோளில் மாட்டி, கத்தியைப் பல்லில் கவ்விக்கொண்டு வாசல் தூணைப் பற்றி ஏறினான். ஒரு கை கூரையைத் தொட்டது. நாலு ஓடுகளைப் பிடுங்கினால் வீட்டுக்குள் குதித்துவிடலாம்.

நூர்முகமது முழங்காலால் ஊர்ந்து பையை எட்டினார். இடக்கைக்கு அகப்பட்டது முப்பட்டை அரம். தொங்கிய கெண்டைக்காலில் அதைப் பிடி வரைக்கும் செருகித் திருகினார்.

ஓடுகள் சரிய, எல்லப்பன் அவர் மேலேயே விழுந்தான். கத்தி எங்கோ மணலில் போயிற்று. இருவரும் கட்டிப் புரண்டார்கள். நூர்முகமது அவன் காதைக் கடித்தார். அவன் அவருடைய நசுங்கிய கையைப் பிடித்து முறுக்கினான். கண் இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில் கழுத்தைக் கயிறு சுற்றியது. எல்லப்பன் அவரைத் தூக்கி ஜன்னல் கம்பியோடு சாத்தி, முகத்துக்கு எதிரே முகமாக நின்று, இரண்டு கையாலும் கயிற்றை இறுக்கினான். காலுக்குக் கீழே தரை நழுவியது. காதுக்குள் கடல் புகுந்துவிட்டது போல இருந்தது.

அப்போது பிடரிக்குப் பின்னால், கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மெதுவாக அந்தப் பெண் குரல்:

"தலையைச் சாய்ச்சுக்கோங்கோ பாய்."

சாய்த்தார். அவர் காதை உரசிக்கொண்டு ஓர் உலக்கை வந்தது. அதன் இரும்புப் பூண் எல்லப்பனின் வாயில் இறங்கியது. பல்லும் ரத்தமுமாக அவன் வாயைப் பொத்துவதற்குள் உலக்கை பின்வாங்கி, மறுபடி வந்து நெற்றிப்பொட்டில் இடித்தது. கயிறு தளர்ந்தது. நூர்முகமது சரிந்து விழுந்த இடத்தில் சுத்தியல் கிடந்தது. இடக்கையால் வீசினார். உலர்ந்த சவுக்குக் கழி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். எல்லப்பனின் முட்டி பக்கவாட்டில் மடங்கியது.

அவன் இரண்டு மணிக்கட்டையும் ஜன்னல் கம்பியோடு சேர்த்து, முழு உடம்பாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவன் கொண்டுவந்த கயிற்றை உள்ளேயிருந்த இரண்டு கைகள் வாங்கி, கம்பியைச் சுற்றி முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டன. அந்தக் கைகள் உதறிக்கொண்டிருந்தன. ஆனால் ஒரு முடிச்சும் தப்பவில்லை.

"உங்க பேரு இன்னாம்மா?"

"வத்சலா."

"நாளைக்குக் கோர்ட்டுல கை நடுங்கினா பரவால்லம்மா. வாய் நடுங்காம பாத்துக்கோ."

அவர் வாசற்படியில் சாய்ந்துவிட்டார். ஜன்னல் வழியாக அவள் நீட்டிய ஈரத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டார். வலியில் நினைவு போவதும் வருவதுமாக இருந்தது. எல்லப்பன் ரத்தத்தைத் துப்பித் துப்பிப் புழுங்கினான்.

பொழுது சாய்கிற நேரத்துக்குச் சவுக்குத் தோப்புக்குள்ளிருந்து இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் வந்த ஒல்லி மனுஷர் ரத்தத்தைப் பார்த்ததும் பித்துப் பிடித்தவர் போல ஓடிவந்தார். தேசிகன் வாத்தியார். காவலுக்கு அழைத்துவந்த கான்ஸ்டபிள் லத்தியோடு பின்னால் ஓடிவந்தார். தேசிகன் எதையும் விசாரிக்கவில்லை. சாவியைப் பூட்டில் திணித்தார். போகவில்லை. மறுபடி திணித்தார். வத்சலா, வத்சலா என்று கதவில் கையால் அறைந்தார். நான் நன்னா இருக்கேன் என்று உள்ளேயிருந்து பதில் வந்தும் அவர் கை ஓயவில்லை.

கான்ஸ்டபிள் துவாரத்தைக் குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். இதற்கு ஒரு பூட்டுக்காரன்தான் வரணும், செங்கல்பட்டுக்கு ஆள் அனுப்பினால் நாளை மத்தியானம் ஆகிவிடும், கோர்ட்டு பதினோரு மணிக்கு என்றார்.

படியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. உடைந்த மூக்கோடு சிரிப்பதால் அது இருமல் மாதிரி இருந்தது. நூர்முகமது இடக்கையால் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பூட்டுக்காரன் வந்தாச்சு. வாத்தியாரே, இப்படி வாங்க. சாவியப் பையில போட்டுட்டு, உங்க வூட்டைத் தெறந்து காட்டுங்க."

தேசிகனுக்கு ஒன்றும் புரியவில்லை. "பாய், நீர் செஞ்சு கொடுத்த பூட்டுதானே இது..."

"செஞ்சவன்தான் கேக்கறேன். காட்டுங்க."

வெறுங்கை காற்றில் எழுந்தது. ஒரு கணம்கூட நிற்காமல் இடப்பக்கம் திரும்பியது.

நூர்முகமது தலையை அசைத்துக்கொண்டார். பைக்குள் துழாவி ரம்பத் தகட்டை எடுத்துக் கான்ஸ்டபிளிடம் நீட்டி, பூட்டின் வளையத்தில் எந்த இடத்தில் அறுக்க வேண்டும் என்று தாடையால் காட்டினார்.