கசக்காத வெள்ளரி

என் கணவர் ஹைதர் மாபெரும் தோட்டக்காரர். வசந்தத்தில் கொல்லைப்புறத்தில் நான்கு பாத்தி கட்டி, வெள்ளரி விதைத்து, படமெடுத்துத் தாஷ்கண்டிலுள்ள தம்பிக்கு அனுப்பினார். அதோடு உழைப்பு முடிந்தது. தெருவாய்க்காலில் எங்கள் தண்ணீர் முறை செவ்வாய்க்கிழமை மதியம். அந்த நேரம் பெருமான் தேநீர்க்கடையில் உட்கார்ந்து, நாட்டில் விவசாயம் அழிவதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்.

சில்லா என்னும் நாற்பது நாள் வெயிலில் பாதி கழிந்தது. தோட்டத்தின் முன்னேற்றம் வருமாறு: களை இடுப்பளவு, வெள்ளரி ஏழு. தண்ணீர் காணாத காய்கள், அத்தனையும் கசப்பு. ஒன்றைக் கடித்த பக்கத்து வீட்டு ஆடு, துப்பிவிட்டு எங்கள் வாசல் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டது.

அந்த ஆட்டுக்குச் சொந்தக்காரி ஓய்தின் அக்கா நேற்று ஒரு தட்டு நிறையத் தக்காளி கொடுத்தனுப்பினாள். எங்கள் தெருவில் தட்டைக் காலியாகத் திருப்பினால் மானம் போய்விடும். ஹைதர் சந்தைக்கு ஓடி வெள்ளரி வாங்கி வந்தார். ஒவ்வொன்றிலும் எங்கள் தோட்டத்து மண்ணைப் பாசத்தோடு தடவினார். தட்டில் அடுக்கித் தானே கொண்டுபோனார். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

"நம்ம தோட்டத்துக் காய்க்கா. சாப்பிட்டுப் பாருங்க."

ஓய்தின் அக்கா ஒன்றைத் துடைத்துக் கடித்தாள். நிதானமாக மென்றாள்.

"நெஜமாவே உன் தோட்டத்துதா?"

"ஏங்க்கா, கசக்குதா?"

"கசக்கலையே தம்பி, அதான் கேக்குறேன்."