ஆயிரத்து ஏழு

ஜெஸ்வின் எழுந்தான். பால் காய்ச்சி டீ போட்டுக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். தேய்க்காத சட்டையை மாட்டிக்கொண்டு கீழ்புத்துப்பட்டிலிருந்து மரக்காணத்துக்கு பைக்கில் போனான். மனைவி கிறிஸ்டி இறந்த பிறகு எல்லாக் காலையும் இப்படித்தான்.

உப்பு கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. அன்று பழைய லினக்ஸ் சர்வரிலிருந்து புது விண்டோஸ் சர்வருக்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். லினக்ஸ் ஆளைப் பெயரால் அறியாது, எண்ணால்தான் அறியும். விண்டோஸ் வேறு அடையாளம் கேட்கும். எந்த எண் யாருடையது என்று அவன்தான் ஜோடி சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

கிறிஸ்டி அங்கேதான் கணக்கு பார்த்தாள். உப்புப் பாத்தி வரப்பில் நின்று மூட்டை எடையை போனில் பேசிப் பதிந்துகொண்டு வருவாள். உப்புக் கையில் தாள் நைந்துபோகும் என்பாள். அந்தப் பதிவுகளெல்லாம் சர்வரில், அவள் மட்டும் திறக்கிற ஃபோல்டரில் இருந்தன. கம்பெனி கொடுத்த போனைத் திருப்பி வாங்கி, அதிலிருந்ததை அழித்துவிட்டார்கள். அவள் குரல் மிச்சமிருந்தது அந்த ஃபோல்டரில்தான். கேட்க இதுவரை துணிவு வரவில்லை. அவள் பேரிலேயே அதைப் புது சர்வரில் ஏற்றிவிட்டால் போதும் என்றிருந்தான்.

ஆயிரத்து ஏழு கிறிஸ்டியின் எண். பட்டியலில் அதற்கு நேராக ‘சங்கீதா’ என்றிருந்தது.

"சார், இந்த நம்பரை யார் மாத்தினது?"

மேனேஜர் ராஜவேல் டீயை உறிஞ்சினார். "நீ லீவுல இருந்தப்ப புதுச்சேரிலருந்து ஒருத்தன் வந்தான்பா. கிறிஸ்டி பேரை எடுத்துட்டு, காலியான நம்பரை சங்கீதாவுக்குக் குடுத்துட்டான். நம்பர்ல என்னப்பா இருக்குது? பஸ் சீட்டு மாதிரி. ஒருத்தர் எறங்கினா இன்னொருத்தர் உக்கார்றாங்க."

எண் கைமாறினால் அந்த எண்ணின் ஃபோல்டரும் சாவியோடு கைமாறிவிடும். ஜெஸ்வின் சங்கீதாவின் மேசைக்குப் போனான். கிறிஸ்டியின் இடத்துக்கு வந்தவள். கிறிஸ்டியைப் பார்த்ததே இல்லை.

"ஆமாண்ணா, என் பேர்ல ஒரே ஆடியோவா இருந்துது. போட்டுப் பார்த்தேன். யாரோ ஒரு அக்கா எடை எடையா சொல்லினு இருந்தாங்க. நடுவுல யாரையோ திட்டறாங்க, சிரிக்கிறாங்க. மேனேஜர் வேற, வேண்டாதத அழிக்கலன்னா தலைல உப்பு மூட்டைய ஏத்திடுவேன்னு கத்தினாரு. போன வாரமே அழிச்சிட்டேன். ஏண்ணா, வேணுமா?"

"இல்லம்மா."

பேக்கப் டிஸ்க் உப்புக்காற்றில் துருப்பிடித்துப் போயிருந்தது. புது சர்வர் வரட்டும் என்று யாரும் மாற்றவில்லை. அழிந்ததை மீட்கிற மென்பொருளை ஓட்டினான். அந்த இடத்தில் லாரி பில்கள் ஏறியிருந்தன.

ஆயிரத்து ஏழு, சங்கீதா என்று ஜோடி சேர்த்தான். எண்டரைத் தட்டினான். புது சர்வர் ஒப்புக்கொண்டது.

நாற்காலியில் சாய்ந்து அவள் குரலை நினைத்துப் பார்த்தான். சொற்கள் வந்தன, ஓசை வரவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கண்ணைத் திறந்து அவள் சொன்னது இதுதான்:

"ஃபேன கொஞ்சம் கொறைங்க. குளுருது."