காலால் பிடித்த பிரேக்

பாலித் தீவுக்கு வந்த மூன்றாம் நாள் காலை, எரிமலை தெரியும் ஒரு மேட்டில் ஐந்து சைக்கிள்கள் வரிசையாக நின்றன. அங்கிருந்து அடிவாரம் இருபத்தைந்து கிலோமீட்டர், ஏறக்குறைய எல்லாமே இறக்கம். வழிகாட்டி முன்னால் போவான், பின்னால் வேன் வரும். ஓட்ட முடியாதவர்கள் வேனில் ஏறிக்கொள்ளலாம்.

ஓசூரிலிருந்து வந்தவர்கள் நான்கு பேர். பாகலூர் ரோட்டில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் ஹரீஷ்குமார், அவன் மனைவி சுஜாதா, ஏழாவது படிக்கும் மகள் பிரவீனா, ஹரீஷின் தம்பி வெங்கட்.

"நீ வேன்ல வந்துடு சுஜாதா. பையெல்லாம் பாத்துக்க ஆள் வேணுமில்ல" என்றான் ஹரீஷ்.

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஒகேனக்கல்லில் எல்லோரும் பரிசலில் ஏறியபோது கரையில் நின்று செல்போன்களைக் காவல் காத்தவள் அவள். ஏற்காட்டில் படகில் ஏறியபோது செருப்புகளையும் சேர்த்துக் காத்தாள். யாரும் அவளை நிறுத்தி வைத்ததில்லை, அவளே நின்றுகொள்வாள். ஆனால் இந்தச் சைக்கிள் பயணத்தைப் பற்றிப் படித்த நாளிலிருந்து, ஒரு தடவையாவது கடைசிவரை போக வேண்டும் என்று அவள் மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தாள்.

"பையை டிரைவர் பாத்துப்பாரு. எனக்கும் ஒரு ஹெல்மெட் கேளுங்க."

"அண்ணி, உங்களுக்கு ஓட்ட வருமா?" என்றான் வெங்கட்.

"ரெண்டு வருஷம் கெலமங்கலம் ஸ்கூலுக்கு ஓட்டியிருக்கேன். நீ அப்ப டவுசர் போட்டுட்டுத் திரிஞ்சே."

வழிகாட்டியின் பெயர் கொமாங். குட்டையான ஆள், சிரித்த முகம். உடைந்த ஆங்கிலத்தில் விதிகளைச் சொன்னான். இரண்டு கையும் பிரேக்கில் இருக்க வேண்டும். ஓடும்போது கால் தரையில் படக் கூடாது. போன மாதம் ஒருவருக்குக் கணுக்கால் உடைந்தது. "ஒரு தடவை சொல்வேன். இரண்டாம் தடவையும் சொல்வேன். மூன்றாம் தடவை வேன்." அதைச் சொல்லும்போது மட்டும் அவன் சிரிக்கவில்லை.

சுஜாதாவின் சிக்கல் அங்கேதான் இருந்தது. பிளஸ் ஒன்னில் பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிள்தான் அவள் ஓட்டிய ஒரே சைக்கிள். அதன் பிரேக் கட்டைகள் இரண்டாம் மாதமே தேய்ந்து போயின. மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இறக்கம் வந்தால் இடது காலை இறக்கித் தரையில் தேய்த்து நிறுத்துவதுதான் வழக்கம். வகுப்பில் எந்தப் பெண்ணின் இடது செருப்பை எடுத்துப் பார்த்தாலும் குதிகால் காகிதம்போல இருக்கும்.

முதல் கிலோமீட்டரிலேயே நடு ரோட்டில் ஒரு நாய் படுத்திருந்தது. அவள் யோசிப்பதற்கு முன்பே கால் இறங்கிவிட்டது. புது ஷூ கரகரவென்று தேய்ந்தது.

"ஒன்று" என்றான் கொமாங்.

"ஆயித்து, ஆயித்து!" என்றாள் சுஜாதா, சரி சரி என்பதுபோல.

"அம்மா, அவருக்கு கன்னடம் தெரியாதும்மா!" என்று பிரவீனா விழுந்து விழுந்து சிரித்தாள். எதிரே இருப்பவருக்குத் தமிழ் தெரியாது என்றால் ஓசூர்க்காரர்களின் வாயில் முதலில் வருவது கன்னடம்தான். அந்த ஆள் கடல் தாண்டி இருக்கிறான் என்பதெல்லாம் வாய்க்குத் தெரியாது.

அடுத்தது கோயிலை ஒட்டிய ஒரு வளைவு. தலையில் பழக்கூடை சுமந்த பெண்கள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். மறுபடியும் கால் இறங்கியது.

"இரண்டு."

வேன் டிரைவர் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அன்பாகப் பார்த்தார். அவளுக்கோ பத்து நிமிடத்தில் இந்த வேனுக்குள் உட்கார்ந்திருப்போம் என்று தோன்றியது.

கல்யாணத்துக்கு முன் அவள் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷினில் வேலை பார்த்தவள். இரண்டு பக்கமும் இரண்டு பட்டன். இரண்டையும் இரண்டு கையால் ஒன்றாக அழுத்தினால்தான் மெஷின் இறங்கும். கை உள்ளே மாட்டாமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு. முதல் வாரம் தடுமாறினாள், பிறகு தூக்கத்தில்கூடக் கைகள் சேர்ந்தே அசைந்தன. அது நினைவுக்கு வந்ததும் ஹேண்டில்பாரைப் பார்த்து, "பட்டன்" என்று சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு இறக்கத்திலும் சொன்னாள். "பட்டன்." கால்கள் பெடலிலேயே இருந்தன.

அதற்குப் பிறகுதான் அவள் தீவைப் பார்த்தாள். படிப்படியாக இறங்கும் வயல்கள், தண்ணீரில் தலைகீழாக நின்ற தென்னைகள், வாசல்தோறும் ஓலைத்தட்டில் பூ. மூங்கில் தோப்புக்குள் நுழைந்தபோது காற்று சட்டென்று குளிர்ந்தது. யாரோ தன்னைக் கையில் ஏந்திக் கீழே கொண்டுபோய்க்கொண்டிருப்பது போல இருந்தது.

முன்னால் ஹரீஷ் ஒரு கையால் வீடியோ எடுத்துக்கொண்டே போனான். சாலை திரும்பியது, அவன் திரும்பவில்லை. முன் பிரேக்கை மட்டும் அழுத்தியதும் பின்சக்கரம் எழும்பி, ஆளும் சைக்கிளும் வயல் சேற்றுக்குள் போயின.

"பட்டன்!" என்று சுஜாதா சத்தமாகவே கத்தினாள். அவள் சைக்கிள் நேராக நின்றது. நின்ற பிறகுதான் காலை ஊன்றி ஓடினாள்.

"அண்ணே, நாத்து நட வந்தியா?" என்றான் வெங்கட். ஹரீஷ் இடுப்புவரை சேறாக எழுந்து, ஒன்றுமில்லை என்றான். ஆனால் முழங்காலை மடக்கும்போது முகம் சுருங்கியது. கொமாங் தொட்டுப் பார்த்துவிட்டு வேனைக் காட்டினான்.

ஹரீஷ் ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டான். "வா, ஏறு."

யார் கேட்டாலும் அதுதான் நியாயம் என்பார்கள். சுஜாதா தண்ணீர் ஊற்றிக் காயத்தைக் கழுவினாள். சிராய்ப்பு, கொஞ்சம் வீக்கம். துப்பட்டாவின் ஓரத்தால் துடைத்துவிட்டுக் கொமாங்கிடம் திரும்பி இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். எட்டு கிலோமீட்டர் என்றான்.

"நீங்க இதுல வாங்க. நான் ஓட்டிட்டு வரேன்."

"அடிபட்டு உக்காந்திருக்கேன், நீ சைக்கிள் ஓட்டப் போறியா?" அவன் குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

"வலி ஜாஸ்தியா இருந்தா சொல்லுங்க. இப்பவே ஏறிடறேன்."

அவள் கதவைப் பிடித்தபடி காத்திருந்தாள். ஆமாம் என்று சொன்னால் ஏறியிருப்பாள். அவனுக்கும் அது தெரியும். ஹரீஷ் முழங்காலைப் பார்த்தான், அவள் ஹெல்மெட்டைப் பார்த்தான். பிரவீனா சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே இருந்தாள்.

"அவ்வளவு வலி இல்ல" என்றான் கடைசியில். "வளைவுல பாத்துப் போ."

எட்டு கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடம் ஆனது. கீழே வயலோர ஹோட்டலில் சாப்பாடு வந்தபோது பிரேக்கை அழுத்தி அழுத்தி மரத்துப்போன சுஜாதாவின் விரல்கள் கரண்டியைப் பிடிக்க மடங்கவில்லை. கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு, பிசைந்து உருட்டாமல் சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். இன்னொரு தட்டும் கேட்டாள்.