உறையக் கூடாத மருந்து

காலை எட்டேகாலுக்கு மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரைத் திறந்தேன். மேல்தட்டில் ஒரு காலி அட்டைப்பெட்டி. அதன்மேல் என் கையெழுத்து: ‘ஹேடோ, இரண்டாவது டோஸ்.’

வெள்ளிக்கிழமை மாலை நான்தான் வைத்திருக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் திசு, ரத்தம், செல் என்று கெடாமல் காக்க வேண்டிய எதுவானாலும் ஃப்ரீசருக்குத்தான் போகும். கை பழக்கத்தில் போய்விட்டது. இந்த லிப்போசோம்களை மட்டும் சாதாரணக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். கொழுப்பாலான நுண்குமிழிகள் அவை. உள்ளே, புதிய ரத்தக்குழாய் முளைப்பதைத் தடுக்கும் மருந்து. உறைந்தால் குமிழி கிழியும். புற்றுக்கட்டிக்குள் கசிய வேண்டிய மருந்து உடம்பெங்கும் பரவும்.

லோர்ன் ஹேடோவுக்குச் சிறுநீரக அறுவை முடிந்து ஐந்து வாரம்தான். புதிய குழாய்கள் முளைத்தால்தான் அந்தக் காயம் ஆறும்.

வார்டுக்கு போன் செய்தேன். மருந்து கலக்கும் பெவ் ஏழு மணிக்கே ஃப்ரீசரிலிருந்து குப்பிகளை எடுத்துப்போய், உருகவைத்துக் கலந்து அனுப்பிவிட்டாளாம். நர்ஸ் இவெட்தான் சொன்னாள்.

“பையைத் தொங்கவிட்டாச்சு, கொரின்.”

“ஓடுதா?”

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். போனில் பாட்டு ஒலித்தது. லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. நான்கு மாடி ஏறினேன்.

ஹேடோவின் கட்டிலருகே பை தொங்கியது; குழாயின் கவ்வி மூடியிருந்தது. நோயாளியின் பெயர் எழுதிய கைப்பட்டையை இரண்டு நர்ஸ்கள் சேர்ந்து வாய்விட்டுப் படித்துக் கையெழுத்திட்ட பிறகே கவ்வியைத் திறப்பார்கள். இரண்டாமவள் வேலைக்கு வரும் வழியில் பனியால் பாலத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒரு கையெழுத்துக்காக இருபது நிமிஷமா படுத்திருக்கேன்,” என்றார் ஹேடோ. “நீங்க ஓடிவந்த வேகத்தைப் பாத்தா காப்பி கொண்டுவந்திருப்பீங்கன்னு நெனச்சேன்.”

பையை வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில் திரிந்த பால்போல் வெள்ளைத் துணுக்குகள். கழற்றி மேசையில் வைத்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

“நல்லதாப் போச்சு, நீங்க வந்தது,” என்றபடி ஹேடோ மேலங்கியை ஒதுக்கினார். “போன வாரம் மொத டோஸ் போட்டதுலேருந்து இங்க ஈரமாவே இருக்கு. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா சிகிச்சைய நிறுத்திடுவீங்களே.”

தையலின் நடுவில் கட்டைவிரல் நீளத்துக்குத் தோல் விலகியிருந்தது.

முதல் டோஸ் பெட்டியையும் வைத்தது நான்தான். ஃப்ரீசரிலா, குளிர்பெட்டியிலா என்று எவ்வளவு யோசித்தும் நினைவில்லை.

“டாக்டரைக் கூப்பிடு, இவெட்,” என்றேன். “இப்பவே. நான் ஒண்ணு சொல்லணும்.”