தட்டு வேல்சாமியிடம் வந்தபோது

கல்யாண நாளுக்கு ஃப்ளெக்ஸ் வைப்பதுண்டு. பிறந்த நாளுக்கும் செத்த நாளுக்கும் வைப்பதுண்டு. தங்கபாண்டி மேஸ்திரிக்கு, அவர் இரட்சிக்கப்பட்ட நாளுக்கு வைத்திருந்தார்கள். கிழக்கேகோட்டையில் பாத்திரக் கடைக்கு மேலே இருந்த சபையின் வாசலில், நீர்வீழ்ச்சிக்கு முன்னால், தோளில் ஒரு புறாவோடு அவர் சிரித்துக்கொண்டிருந்தார். 'கிருபையின் இருபதாம் ஆண்டில் எங்கள் புதிய மூப்பர்.' வாசகம் அவரே எழுதிக் கொடுத்தது.

அன்றைய ஞாயிறு ஆராதனையில் அவரை மூப்பராக நியமித்தாயிற்று. அவர் சாட்சியும் சொல்லியாயிற்று. பெருங்கோபக்காரரான தன்னை ஆண்டவர் ஒரே ராத்திரியில் ஆட்டுக்குட்டியாக மாற்றிய கதை. சபைக்கு அது மனப்பாடம். எந்த இடத்தில் கண்ணீர் வரும் என்பதும் தெரியுமாதலால் கைக்குட்டை நீட்ட ஆள் தயாராக இருந்தது.

கடைசி வரிசையில், தன்னிடம் கட்டட வேலை பார்க்கும் வேல்சாமியைப் பார்த்தபோதுதான் ஆட்டுக்குட்டிக்கு வியர்த்தது.

முந்தின நாள் சாயங்காலம், விழிஞ்ஞம் ரோட்டில் கட்டிக்கொண்டிருந்த வீட்டில், கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகைக்குக் கொடுத்த முட்டு சாய்ந்துவிட்டது என்று வேல்சாமியைக் கன்னத்தில் அறைந்திருந்தார். வங்காளத்து வேலையாட்கள் பார்த்துச் சிரித்தார்கள். வேல்சாமியை இந்தச் சபைக்குக் கூட்டி வந்தவரும், போன மாதம் ஞானஸ்நானத்துக்குக் கையைப் பிடித்துக் கடலில் இறக்கியவரும் அவர்தான். இப்போது அவன் காலடியில் துணிப்பை இருந்தது. ஆராதனை முடிந்ததும் சொந்த ஊரான சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏறப்போகிறான். ஏறினால் வேலையை மட்டுமல்ல, தங்கபாண்டி காட்டிக்கொடுத்த ஆண்டவரையும் விட்டுவிட்டுத்தான் போவான்.

திருவிருந்துப் பந்தி ஆரம்பமானது. அந்தச் சபையில் அப்பத் தட்டை மூப்பர்தான் வரிசை வரிசையாகக் கொண்டுபோக வேண்டும். சகோதரன்மேல் மனத்தாங்கல் உள்ளவர் அப்பத்தைத் தொடக்கூடாது. தொடாதவர் யார் என்பதை, கண்ணை மூடி ஜெபித்தபடியே எல்லோரும் கவனித்துவிடுவார்கள்.

தங்கபாண்டி முதல் வரிசையில் மிக நிதானமாக நடந்தார். இரண்டாவதில் அதைவிட நிதானம். எவ்வளவு நிதானமாக நடந்தாலும் கடைசி வரிசை வந்துதானே தீரும்?

தட்டை நீட்டினார். வேல்சாமியின் கை மடியிலேயே கிடந்தது.

"லேய், எடுத்துக்கோ" என்றார், உதடு அசையாமல்.

"வேண்டாம் அண்ணாச்சி."

"எல்லாரும் பாக்காவ டே."

"அது ஒங்க பாடு."

சபை பாடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. கீழே விழிஞ்ஞத்துக்கு ஆள் கூப்பிடும் கண்டக்டரின் குரல் தெளிவாகக் கேட்டது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பாஸ்டர் செல்வமணி, அசம்பாவிதங்களை விரும்பாதவர், மேடையிலிருந்து மலையாளம் கலந்து கனிவாகச் சொன்னார்: "மூப்பரே, அங்க நிக்க வேண்டாம் கேட்டோ. அப்புறத்து ஆளுக்குக் கொடுங்க."

வழி திறந்துவிட்டது. ஒரு எட்டு எடுத்து வைத்தால் போதும். தங்கபாண்டி எடுத்தும் வைத்தார். தட்டு சாய்ந்து ஒரு துண்டு அப்பம் தரையில் விழுந்தது. அதைக் குனிந்து எடுத்தவர் நிமிர்ந்தபோது வேல்சாமிக்கு நேராக நின்றார்.

"சபையாரே," என்றார் மைக் குரலில், "சத்துருவாகிய பிசாசின் தந்திரத்தினாலே, மாம்சத்தின் பலவீனத்தினாலே…"

"சத்துருவா வந்து அடிச்சான்? நீங்கல்லா அடிச்சீய" என்றான் வேல்சாமி.

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பி இருமலாக முடிந்தது. தங்கபாண்டியின் காது சிவந்தது. அறைவதற்கு முன்னால் எப்போதும் அப்படித்தான் சிவக்கும். வேல்சாமியும் அதைப் பார்த்தான். தலையை லேசாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

அந்தத் தலை பின்வாங்கியதுதான் அவரை உடைத்தது.

"நான்தான் அடிச்சேன்" என்றார். மைக் குரல் போய்விட்டிருந்தது. "நேத்து. இவன் அம்மையையும் சேத்து ஏசுனேன். கோவம் போயிட்டுன்னு இப்பதான சாட்சி சொன்னேன்? போகல. போயிட்டுன்னு நெனச்சு அதப் பாக்காமலே விட்டுட்டேன். இருபது வருசமா."

அவர் மனைவி பொன்னம்மை, வெகுநாள் காத்திருந்தவளைப் போல உரக்க "ஆமென்" என்றாள்.

"மன்னிச்சிரு வேலு."

"சரி அண்ணாச்சி. நாளைக்கு?"

"நாளைக்கு என்னடே?"

"நாளைக்கும் முட்டு சாயும்லா. நம்ம வேலை அப்படி."

தங்கபாண்டி தட்டைப் பாஸ்டரிடம் கொடுத்துவிட்டு, அப்பம் எடுக்காமல், கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். வேல்சாமியும் எடுக்கவில்லை. "நாளைக்கு ஒரு நாள் பாக்கேன்" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பலகை ஒன்று சரிந்து தங்கபாண்டியின் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. எல்லோரும் நின்றுவிட்டார்கள். வேல்சாமி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது சிவந்தது. கை எழுந்தது.

"ஆண்டவரே, இந்தக் கையப் பிடியும்" என்று தங்கபாண்டி வாய்விட்டே சொன்னார். ஆட்டுக்குட்டியின் குரல் அல்ல அது. சாரத்திலிருந்து வழுக்குகிறவனின் குரல். எழுந்த கை பலகையின் ஒரு முனையைப் பிடித்தது. "அந்தப் பக்கம் தூக்குடே" என்றார்.

வேல்சாமி தூக்கினான்.

பதினொரு மணிக்குக் கலவை மெஷின் நின்றுபோயிற்று. "எவம்லே அதுல கை வச்சது?" என்று கத்தத் தொடங்கியவர், பாதியில் நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து ஜெபிக்க ஆரம்பித்தார்.